கிணற்று நீரின் மின்கடத்துதிறன் தரவில் மாற்றப் புள்ளி: ஆர் ஒரு விடை தருகிறது, பைதன் வேறு விடை தருகிறது

கோண்டாவில் மாணவி எழுதியது:

வணக்கம். யாழ்ப்பாணத்து வலிகாமத்திலுள்ள தோட்டக் கிணறுகள் சிலவற்றில் மாதம் ஒரு தடவை அளக்கப்பட்ட மின்கடத்துதிறன் (நீரில் உப்புக் கூடக் கூடும் அளவு) தரவை எனது பட்டப்பின் ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன். 2010 ஜனவரி முதல் 2023 டிசெம்பர் வரை ஒவ்வொரு கிணற்றுக்கும் 168 பெறுமானங்கள் உண்டு. இடையிடையே விடுபட்ட மாதங்களை, முன்னும் பின்னும் உள்ள பெறுமானங்களுக்கிடையே நேர்கோடு போட்டு நிரப்பியிருக்கிறேன். நீர் எப்போது உவரத் தொடங்கியது என்பதை வரைபடத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்லாமல், மாற்றப் புள்ளியை, அதாவது தொடரின் நிலை மாறும் இடத்தை, கண்டறியும் மென்பொருள் ஒன்றைக் கொண்டு நிறுவவேண்டும் என்று மேற்பார்வையாளர் கேட்கிறார்.

ஆர் என்ற புள்ளிவிபரக் கணினி மொழியின் 'சேஞ்ச்பொயின்ற்' பொதியில், இடையின் (சராசரியின்) மாற்றத்தைத் தேடும் சார்பைப் பெல்ற் (PELT) என்ற தேடல் முறையோடு ஓட்டினேன். ஏறத்தாழ ஒவ்வொரு மாதத்தையும் மாற்றம் என்று காட்டுகிறது. அதே தரவைப் பைதனின் 'ரப்சர்ஸ்' பொதிக்குக் கொடுத்து, தண்டப் பெறுமானத்தை (ஒவ்வொரு கூடுதல் மாற்றப் புள்ளிக்கும் விதிக்கும் விலையை) கூட்டிக்கொண்டே போனபோது, மாற்றங்களின் இடங்களாக 35, 85, 130, 168 என்ற மாத எண்கள் வந்தன. 85 என்பது 2017 இன் தொடக்கத்தில் விழுவதால், 2016 மாரி பொய்த்ததும் அதைத் தொடர்ந்த வறட்சியும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் தண்டத்தைச் சற்றே மாற்றினாலும் புள்ளிகளின் எண்ணிக்கை மாறிவிடுகிறது. எந்தப் பொதியின் விடையை ஆய்வேட்டில் எழுதுவது?

தரவுக்காரன் எழுதியது:

இரண்டு பொதிகளும் தத்தம் எடுகோளின்படி சரியாகவே கணித்திருக்கின்றன. 2012 இல் கிலிக், ஃபியர்ன்ஹெட், எக்லி ஆகியோர் வெளியிட்ட பெல்ற் முறை, தண்டம் எவ்வளவு என்று சொல்லிவிட்டால் அதற்குரிய மிகச் சிறந்த பிரிப்பைத் துல்லியமாகக் கண்டுபிடித்துவிடும். ஆகவே சிக்கலைத் தேடவேண்டிய இடம் அல்கோரிதம் அன்று, அதற்குள் போகும் தரவும் பரமானங்களுமே (நாம் கொடுக்கும் அமைப்பு எண்கள்).

சேஞ்ச்பொயின்ற்றில் நீங்கள் பயன்படுத்திய சார்பு, தரவு செவ்வன் பரம்பலைக் கொண்டது என்பதோடு, அதன் மாறற்றிறன் (நியம விலகலின் வர்க்கம்) 1 என்றும் எடுத்துக்கொள்கிறது. உங்கள் தரவின் நியம விலகல் சில நூறு மைக்ரோசீமன்ஸ் இருக்கும். அப்படியான தொடரை எந்த இடத்தில் வெட்டினாலும் வர்க்கங்களின் கூட்டுத்தொகை பல்லாயிரக்கணக்கில் குறையும்போது, 168 இன் இயற்கை மடக்கையின் மூன்று மடங்கான, அதாவது ஏறத்தாழ 15 ஆன இயல்புநிலைத் தண்டம் எதைத் தடுக்கப்போகிறது? தரவை முதலில் நியம விலகலால் வகுக்கவேண்டும். அதுவும் முழுத் தொடரின் நியம விலகலாக இருக்கக்கூடாது, ஏனெனில் நீங்கள் தேடுகின்ற மாற்றமே அதற்குள் புகுந்து அதைப் பெருப்பித்திருக்கும். அடுத்தடுத்த மாதங்களின் வித்தியாசங்களுக்கு நியம விலகல் கண்டு, அதை 2 இன் வர்க்கமூலத்தால் வகுத்துப் பெறும் எண் பொருத்தமாக இருக்கும்.

ரப்சர்ஸின் விடையை இன்னொரு முறை பாருங்கள். 168 என்பது தொடரின் நீளம் மட்டுமே. அந்தப் பொதி கடைசி எண்ணாக எப்போதும் அதையே தரும். மற்ற மூன்றும் ஐந்தின் மடங்குகள். 'ஜம்ப்' என்ற பரமானத்தின் இயல்புநிலைப் பெறுமானம் 5 ஆக இருப்பதால், ஐந்து மாதத்துக்கு ஒரு மாதத்தைத்தான் அது பரிசீலித்திருக்கிறது. நீண்ட ஒலிச் சமிக்ஞைகளுக்கு அது நேரத்தை மிச்சப்படுத்தும். 168 பெறுமானங்களுக்குத் தேவையே இல்லை, 1 ஆக்கிவிடுங்கள். அப்போது 85 ஆனது 84 ஆகவோ 82 ஆகவோ மாறக்கூடும். 84 என்று வந்தால், பூச்சியத்திலிருந்து எண்ணும் பைதனில் அது புதிய பகுதியின் முதல் மாதம்; ஒன்றிலிருந்து எண்ணும் ஆரில் அதே 84 பழைய பகுதியின் கடைசி மாதம். இரண்டிலும் புதிய நிலை தொடங்குவது 2017 ஜனவரியில்தான் என்பதால், இதை முரண்பாடு என்று மயங்கவேண்டியதில்லை.

இவற்றைவிடப் பெரிய விடயம் பருவம். ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் மழையில் கிணறு நிறைந்து கடத்துதிறன் இறங்குவதும், ஓகஸ்ட், செப்டெம்பரில் அது ஏறுவதும் ஆண்டுதோறும் நடப்பவை. இடையின் மாற்றத்தைத் தேடும் சார்புக்கு ஒவ்வொரு மாரியும் ஒரு மாற்றப் புள்ளிதான். ஒவ்வொரு மாதத்துக்கும் உரிய இடையத்தைக் கழித்துவிட்டுத் தேடுங்கள். சென்ற ஆண்டின் அதே மாதத்தைக் கழிக்கும் வழக்கமும் இருக்கிறது, ஆனால் அதில் ஒரு படியேற்றம் பன்னிரண்டு மாத மேடாக உருமாறி, ஒரு மாற்றம் இரண்டாகத் தெரியும்.

பருவத்தைக் கழித்த பின்னும் தன்னிணைபு, அதாவது ஒரு மாதப் பெறுமானம் முந்தைய மாதத்தைச் சார்ந்திருப்பது, மிஞ்சும். நிலத்தடி நீர் சென்ற மாதத்தை இலகுவில் மறப்பதில்லை. ஒரு மாதத் தன்னிணைபு 0.6 என்றால், இடையின் மாறற்றிறன் சாராத் தரவில் இருப்பதைவிட ஏறத்தாழ நான்கு மடங்காகும். தண்டத்தையும் அதே அளவில் உயர்த்துவது கரடுமுரடான ஆனால் பயன்படும் வழி. 'என்வ்சிபிரி' என்ற ஆர் பொதி, தன்னிணைபு உள்ள மாதிரிகளையும் இல்லாதவற்றையும், மாற்றப் புள்ளி உள்ளவற்றையும் இல்லாதவற்றையும் அருகருகே பொருத்தி ஒப்பிடுகிறது. உங்கள் தரவுக்கு அதை ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது நல்லது. நேர்கோட்டால் நிரப்பிய மாதங்கள் தொடரைச் செயற்கையாக மழமழப்பாக்குவதால், அந்த இடங்களை அண்டி வரும் புள்ளிகளைச் சந்தேகத்தோடு பார்க்கவேண்டும்.

ஓய்வுபெற்ற நீர்ப்பரிசோதகர் எழுதியது:

தம்பி சொன்னவை அனைத்தும் கணக்குக்குச் சரி. ஆனால் 2017 ஜனவரி என்றதும் வறட்சிக்குப் போவதற்கு முன்னர், பதிவுப் புத்தகத்தை எடுத்து, அந்த மாதத்தில் கடத்துதிறன் அளக்கும் மானி மாற்றப்பட்டதா என்று பாருங்கள், மகள். ஆண்டுத் தொடக்கத்தில்தான் புதிய உபகரணங்கள் வந்து சேரும்.

மின்கடத்துதிறன் வெப்பநிலையோடு பாகைக்கு ஏறத்தாழ இரண்டு வீதம் கூடும். 25 பாகைக்குத் திருத்திக் காட்டும் மானியும், திருத்தாமல் காட்டும் மானியும், 30 பாகை நீரில் பத்து வீதம் வேறுபடும். அந்தப் பத்து வீதம் எந்த மென்பொருளுக்கும் கச்சிதமான மாற்றப் புள்ளி. நீர் மாதிரி எடுக்கும் ஆழமும் அப்படியே. எங்கள் சுண்ணாம்புக் கல்லில் நன்னீர், உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நிலாவரை ஆழ்கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவரும் இருப்பதை எல்லாரும் அறிவோம். வாளியால் மேல்மட்டத்தில் அள்ளியவர் போய், இறைக்கும் குழாயிலிருந்து பிடிப்பவர் வந்தால் தரவு ஒரே நாளில் ஏறிவிடும்.

இவற்றைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. மானியால் வந்த மாற்றம் எல்லாக் கிணறுகளிலும் ஒரே மாதத்தில், ஒரே வீதத்தில், மாரியிலும் கோடையிலும் ஒன்றுபோலத் தெரியும். ஆகவே மடக்கை எடுத்த தரவில் அது சமமான படியாக நிற்கும். அதிகம் இறைப்பதால் அடியிலுள்ள உவர் மேலெழுந்து வந்தால், அது கோடை முடிவில் பெரிதாகவும் மாரியில் சிறிதாகவும், கிணற்றுக்குக் கிணறு வேறாகவும் இருக்கும்.

பழைய தொடர் எழுதியது:

தண்டத்தை நான்கு மடங்காக்குவது போன்ற கைமருந்தில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆய்வேட்டில் 'ஏன் நான்கு?' என்று ஒரு பரிசோதகர் கேட்டால் பதில் சொல்வது கடினம். ஆரின் 'ஸ்ட்ரக்சேஞ்ச்' பொதி, பருவத்தையும் சென்ற மாதப் பெறுமானத்தையும் பிற்செலவுச் (regression) சமன்பாட்டிலேயே சேர்த்துக்கொண்டு முறிவை (மாற்றப் புள்ளியை) தேடவும், முறிவுத் திகதிக்கு நம்பிக்கை ஆயிடை (அது விழக்கூடிய கால எல்லை) தரவும் வல்லது. ஆய்வேட்டுக்கு அந்த ஆயிடை முக்கியம். ஆருடன் வரும் நைல் நதித் தரவில் (அசுவானில் 1871 முதல் 1970 வரையிலான ஆண்டுப் பாய்ச்சல்) முறிவு 1898 என்று வரும். 95 வீத ஆயிடையோ 1895 முதல் 1902 வரை விரிகிறது. அசுவானின் பழைய அணை முடிந்தது 1902 இல். ஆயிடையின் விளிம்பை அது தொடுகிறது என்பதற்காக அணையைக் காரணமாக்கிவிட முடியாது, வெப்பவலய மழைவீழ்ச்சி குறைந்ததையே பலர் காரணமாகக் காண்கிறார்கள். உங்கள் 2017 க்கும் வறட்சிக்கும் இடையில் இதே எச்சரிக்கை வேண்டும்.

ஒரு குறை: இயல்புநிலையில் இந்தப் பொதி ஒவ்வொரு பகுதியும் தரவின் 15 வீதமாவது இருக்கவேண்டும் என்கிறது. 168 மாதங்களில் அது 25 மாதம். 2022 இல் ஏதாவது மாறியிருந்தால் உங்களுக்கு அது தெரியவே வராது.

கோண்டாவில் மாணவி எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஜம்ப்பை 1 ஆக்கி, மடக்கை எடுத்து, பருவத்தைக் கழித்த பின் 35 மறைந்துவிட்டது. 2017 தொடக்கம் மட்டும் எல்லாக் கிணறுகளிலும் நிற்கிறது. ஐயா சொன்னபடி பதிவுப் புத்தகத்தில் பார்த்ததில், மானி அந்த மாதத்தில் மாற்றப்பட்டதாகக் குறிப்பு இருக்கிறது. ஆனால் உப்பாற்றுக் கடல்நீரேரிக்கு அண்மையிலுள்ள இரு கிணறுகளில் செப்டெம்பர்ப் படி, டிசெம்பர்ப் படியைவிடத் தெளிவாகப் பெரிது. மானியின் படியைப் பிற்செலவில் தெரிந்த மாறியாகச் சேர்த்துவிட்டால், மிஞ்சுவது உவரின் படி என்று கொள்ளலாமா?

ஓய்வுபெற்ற நீர்ப்பரிசோதகர் எழுதியது:

இரு கிணறுகளையும் தனியே எடுத்தால் கொள்ள முடியாது. இரண்டு படிகளும் ஒரே மாதத்தில் விழும்போது, எந்தப் பொதியாலும் அவற்றைப் பிரிக்க இயலாது. கூட்டுத்தொகை மட்டுமே தெரியும். கடலிலிருந்து விலகிய கிணறுகளில் படி எல்லா மாதங்களிலும் சமமாக இருந்தால், அதை மானியின் படியாக மதிப்பிட்டு, அந்த எண்ணை இந்த இரண்டிலும் கழியுங்கள். அதைவிட நல்லது, ஆய்வுகூடப் பதிவில் வெள்ளி நைத்திரேற்று நியமிப்பால் கண்ட குளோரைட்டுப் பெறுமானங்கள் 2016 க்கும் 2017 க்கும் இருக்கின்றனவா என்று கேட்பது. அந்த அளவீட்டுக்கு மானி தேவையில்லை. கோடை மாதங்கள் சிலவற்றுக்குக் கிடைத்தாலே போதும்.