கிளிநொச்சி பொறியியல் பீடத்துக்குப் போற தங்கச்சிக்கு எந்த லப்டொப் வாங்கலாம்?

சுன்னாகம்_பொடியன்:

தங்கச்சிக்கு யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் கிடைச்சிருக்கு. அறிவியல்நகரில் விடுதியில் நிண்டு படிக்கப் போறா. லப்டொப் வாங்கோணும். கையில் இரண்டு இலட்சம் இருக்கு, மிஞ்சினால் இரண்டேகால்.

மூண்டு வழி இருக்கு. ஒண்டு, ரவுணில் ஒரு கடையில் புதுசு: ஐ5, 13ஆம் தலைமுறை, 8 ஜிபி ராம், 512 எஸ்எஸ்டி. மொடல் நம்பர் கேட்டால் கடைக்காரர் "எல்லாம் ஓடும் தம்பி" எண்டுறார். இரண்டு, பாவிச்ச லெனோவா திங்க்பாட்: ஐ7, எட்டாம் தலைமுறை, 16 ஜிபி. விலை புதுசின்ர பாதிக்குக் கொஞ்சம் மேல். மூண்டு, கனடாவில் இருக்கிற மாமா அடுத்த மாசம் வாறார், மக்புக் எயார் கொண்டு வந்து தாறன் எண்டு நிக்கிறார்.

ஐ7 எண்டால் ஐ5 ஐ விட நல்லம்தானே? கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாமல் பொறியியல் படிக்கேலாது எண்டும் ஆரோ அவவுக்குச் சொல்லிப்போட்டினம். உண்மையோ?

---

கோப்பாய்_கோடர்:

ஐ5, ஐ7 என்ற பெயரை மட்டும் வைத்து ஒன்றும் சொல்லேலாது. பின்னால் வரும் இலக்கத்தையும் கடைசி எழுத்தையும் பாருங்கள். ஐ5-1335யூ என்றால் 13ஆம் தலைமுறை. 'யூ' என்பது 15 வாட் கணக்கில் ஓடும் சிக்கனச் சில்லு (புரொசெசர்). 'எச்' என்றால் 45 வாட்: வேகம் கூட, சூடும் கூட, பட்டரி கெதியில் இறங்கும்.

எட்டாம் தலைமுறை ஐ7-8550யூவில் 4 கோர் (சில்லுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்). ஐ5-1335யூவில் 10: வேகமானவை 2, சிக்கனமானவை 8. ஆகவே அந்தப் பழைய ஐ7 இந்தப் புது ஐ5க்குப் பின்னால்தான் நிற்கும். இதே தலைமுறை ஐ7-1355யூவை எடுத்தாலும் அதே 2 + 8 தான், உச்ச வேகம் 4.6 கிகாஹேர்ட்ஸ் 5.0 ஆகிறது, அவ்வளவுதான். அந்த வித்தியாசத்துக்குக் கடை கேட்கும் காசை ராமில் போடுங்கள்.

ஏஎம்டி பக்கம் போனால் இன்னும் கவனம். ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் சில்லு எந்தக் காலத்தது என்று காட்டும். 7520யூவில் அது 2, அதாவது 2019இல் வந்த ஸென் 2 வடிவமைப்பு, 4 கோர், ராம் போர்டோடு ஒட்டியே வரும். 7530யூவில் அது 3, ஸென் 3, 6 கோர். இரண்டிலும் 'ரைசன் 5' ஸ்டிக்கர்தான் ஒட்டியிருக்கும்.

இனி ராம். 8 ஜிபி காணாது. விண்டோஸ், குரோம், ஸூம் மூன்றும் திறந்தாலே பெரும்பகுதி போய்விடும். அதற்கு மேல் சொலிட்வேர்க்ஸ் (முப்பரிமாண வரைபு மென்பொருள்) திறந்தால் மெஷின் எஸ்எஸ்டியை ராம் மாதிரிப் பாவிக்கத் தொடங்கும், அப்போதுதான் ஆட்கள் "ஹாங் ஆகுது" என்பார்கள். 16 வேணும். அதற்காக 16 ஜிபி மொடல்தான் வாங்க வேணும் என்றில்லை, பிறகு கூட்டக்கூடிய மெஷினா என்று பார்த்தால் போதும்.

கடையிலேயே பார்க்கலாம். மெஷினை ஒன் பண்ணச் சொல்லி கொன்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமத்துங்கள். டாஸ்க் மனேஜர் திறக்கும். பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் மெமரியை அமத்தினால் 'ஸ்லொட்ஸ் யூஸ்ட்' என்று இருக்கும். 2இல் 1 என்று காட்டினால் இன்னொரு 8 ஜிபி போட இடம் இருக்கிறது. கீழே 'ஃபோர்ம் ஃபக்டர்' என்ற இடத்தில் 'ரோ ஒஃப் சிப்ஸ்' என்று வந்தால் ராம் ஒட்டுப்பட்டது. ஒட்டுப்பட்ட 8உம் ஒரு வெறும் ஸ்லொட்டும் என்றால் வாங்கலாம். ஒட்டுப்பட்ட 8 மட்டும் என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

இரண்டாவது துண்டு போட்டால் இன்னொரு லாபம். இன்ரெலின் ஐரிஸ் எக்ஸ்ஈ கிராஃபிக்ஸ் இரண்டு தடத்தில் ராம் இருந்தால்தான் அந்தப் பெயரிலேயே வரும். ஒற்றைத் துண்டோடு அதே சில்லு 'யூஎச்டி கிராஃபிக்ஸ்' என்று காட்டும், வேகமும் நல்லாக் குறையும். டிடிஆர்4 மெஷினுக்கு டிடிஆர்5 துண்டு போகாது, வாங்க முன் அதையும் பாருங்கள்.

திரை 1920 x 1080, ஐபிஎஸ் வகைப் பனல். பக்கவாட்டில் நின்று பார்க்க நிறம் வெளிறினால் அது டிஎன் பனல், விட்டுவிடுங்கள்.

---

வரைபட_அக்கா:

தம்பி, மக்புக்கை இந்தப் படிப்புக்கு எடுக்காதேங்கோ. நல்ல மெஷின், பட்டரி நாள் முழுக்க நிக்கும், அதில் சண்டை இல்லை. ஆனால் சொலிட்வேர்க்ஸ் விண்டோஸுக்கு மட்டும். கட்டட வரைபுக்கான ரெவிட்டும் அப்படித்தான், நில வரைபடத்துக்கான ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோவும் அப்படித்தான். ஓட்டோகாட்டுக்கு மக் பதிப்பு இருக்கு, ஆனால் மெனு வேற மாதிரி. லாபில் விரிவுரையாளர் காட்டிற இடத்தில பொத்தான் இராது. முந்தின இன்ரெல் மக்கில் விண்டோஸும் போடலாம், இப்ப வாற எம் வரிசையில் அதுக்கு உதவுற பூட் காம்ப் இல்லை. கணினி விஞ்ஞானமோ முகாமைத்துவமோ படிக்கிற பிள்ளை எண்டால் நான் வேற கதை சொல்லியிருப்பன்.

கிராஃபிக்ஸ் கார்ட்: முதல் வருசம் எல்லாருக்கும் பொதுப்பாடம், துறை பிறகுதான் பிரியும். சிவில் போனால் ஓட்டோகாட்டில் இரு பரிமாண வரைபுதான் கூட, அது உள்ளே இருக்கிற கிராஃபிக்ஸில் வழுக்கிக்கொண்டு ஓடும். மெக்கானிக்கல் போய், நூற்றுக்கணக்கான பாகம் உள்ள அசெம்பிளியைச் சுழட்டேக்க தனிக் கார்ட் உதவும். எலெக்ட்ரிக்கலுக்கும் கொம்பியூட்டருக்கும் ராமும் கோரும்தான் முக்கியம். இன்னும் தெரியாத துறைக்காக இப்பவே கேமிங் மெஷின் வாங்கினால், இரண்டு கிலோவுக்கு மேல பாரம், செங்கல் மாதிரி ஒரு சார்ஜர், பட்டரி மூண்டு நாலு மணித்தியாலம். ஏ9 பஸ்ஸில் அதையெல்லாம் மடியில் வச்சுக்கொண்டு போறது அவதான்.

மென்பொருளுக்குக் காசு கட்டத் தேவையில்லை. ஓட்டோகாட் செய்யிற ஓட்டோடெஸ்க் கம்பனியின்ர மாணவர் கணக்கு இலவசம், ஒரு வருசத்துக்குத் தருவினம், படிக்கிற வரைக்கும் புதுப்பிக்கலாம். மாணவர் எண்டதுக்கு ஆதாரம் கேட்பினம், பல்கலைக்கழக மின்னஞ்சல் கையில் கிடைச்ச பிறகு பதிஞ்சால் லேசு. மட்லாப் (கணிப்பு மென்பொருள்) இல்லாட்டில் அதுக்குப் பதிலா இலவச ஒக்டேவ் போடலாம், முதல் வருசக் கணக்குகளுக்கு அநேகமா அதே கட்டளைகள்தான். கிராக் பண்ணின கோப்புகளைத் தயவுசெய்து விடுதிப் பென்டிரைவில் வாங்காதேங்கோ.

---

ஸ்க்ரூவும்_பேஸ்ட்டும்:

கோடர் சொன்னது சரி, ஆனால் பாவிச்ச திங்க்பாட்டை ஒரேயடியாத் தள்ளாதேங்கோ. பழுது பார்க்க லேசு, கீபோர்ட், ஃபான், பட்டரி எல்லாம் சாமான் கிடைக்கும். எட்டாம் தலைமுறை விண்டோஸ் 11க்குத் தகுதி. ஆரும் ஏழாம் தலைமுறையை மலிவாத் தாறன் எண்டால் மட்டும் கும்பிடு போட்டுட்டு வாங்கோ, விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சுது.

வாங்கிறதெண்டால் பார்க்க வேண்டியது இவ்வளவு.

மொடல் எது? டி480 எண்டால் ராமுக்கு இரண்டு ஸ்லொட். டி480எஸ் எண்டால் கொஞ்சம் ஒட்டு, ஒரு ஸ்லொட். எக்ஸ்1 கார்பன் எண்டால் முழுக்க ஒட்டு.

ஒன் பண்ணினதும் எஃப்1 அமத்தி பயோஸுக்கு (விண்டோஸுக்கு முன்னால வாற அமைப்புப் பக்கம்) போங்கோ. கடவுச்சொல் கேட்டால் வேண்டாம். அது கம்பனி மெஷின், சுப்பவைசர் கடவுச்சொல்லைக் கழட்டிறது லேசுப்பட்ட வேலை இல்லை. அதே மாதிரி, விண்டோஸை முழுசா அழிச்சு, வைஃபை கொடுத்துத் திரும்ப ஏத்திக் காட்டச் சொல்லுங்கோ. இடையில் ஏதும் வெளிநாட்டு நிறுவனத்தின்ர பேர் வந்து அவையின்ர மின்னஞ்சலைக் கேட்டால் அது இன்னும் அவையின்ர பதிவில இருக்கு எண்டு அர்த்தம். கடைக்காரர் வைஃபை இல்லாமல் ஏத்திக் காட்டினால் அது தெரியாமல் போயிடும்.

பட்டரி: கமாண்ட் ப்ராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி எண்டு எழுதி, ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, பட்டரிரிப்போர்ட் எண்டு ஒட்டி எழுதி என்டர் தட்டினால் ஒரு கோப்பு வரும். அதில் 'டிசைன் கபாசிட்டி'யையும் 'ஃபுல் சார்ஜ் கபாசிட்டி'யையும் பாருங்கோ. 50,000க்கு 30,000 எண்டால் 60 வீதம்தான் மிச்சம், புதுப் பட்டரிக் காசைக் கழிச்சு விலை பேசுங்கோ. டச்பாட் மேல எழும்பியிருந்தால் பட்டரி ஊதியிருக்கு, அதை அமத்திப் பார்க்கவும் வேண்டாம்.

எஸ்எஸ்டிக்கு கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டுப் பாருங்கோ. அதில் காட்டிற ஆரோக்கியம் 80 வீதத்துக்குக் கீழ எண்டால் மாத்தித் தரச் சொல்லுங்கோ.

2018 திங்க்பாட்களில் தண்டர்போல்ட் ஃபேர்ம்வேர் (சி வகைத் துளையை இயக்கிற உள் மென்பொருள்) கோளாறு ஒண்டு இருந்தது, அதால சி வகைத் துளை சார்ஜ் ஏத்தாமலே போயிடும். இரண்டு சி துளையிலும் சார்ஜரைச் செருகிப் பார்த்து, வாங்கின அண்டே அந்த ஃபேர்ம்வேரைப் புதுப்பியுங்கோ. கெட்ட பிறகு புதுப்பிச்சுப் பிரயோசனம் குறைவு.

இனிப் புதுசோ பழசோ ரெண்டுக்கும் பொதுவானது. லப்டொப் மேல கை வைக்க சுள்ளெண்டு அடிக்குது எண்டு கொண்டு வருவினம். மெஷின் பழுதில்லை, எர்த் இல்லை. மூண்டு பின் சார்ஜரை இரண்டு பின் அடாப்டரில் செருகினால், சார்ஜருக்குள்ள இருக்கிற வடிகட்டிக் கப்பாசிட்டர் வழியா வாற சின்னக் கசிவு போக வழியில்லாமல் உலோக உடம்பில் நிக்கும். எர்த் உள்ள பிளக் பேஸில் நேரடியாச் செருகுங்கோ.

ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலுக்கு ஸ்விட்சை ஓஃப் பண்ணினால் காணாது, சார்ஜரைக் கழட்டுங்கோ. ரூட்டரிலயிருந்து வாற லான் வயரையும் கழட்டுங்கோ. சார்ஜர் தப்பி லான் வழியாப் போர்ட் போறது புதுசில்லை.

கட்டில் மெத்தையில வச்சுப் பாவிச்சால் அடியில இருக்கிற காத்துத் துளை அடைபடும். செம்மண் தூசு மாவு மாதிரி, ஃபானுக்கும் ஹீட்சிங்குக்கும் இடையில் கம்பளி மாதிரிப் படியும். வருசத்துக்கு ஒருக்கா அடி மூடியைக் கழட்டி ஊதுங்கோ. ஊதேக்க ஃபான் சுழலாமல் ஒரு விரலால் பிடிச்சுக்கொள்ளுங்கோ.

---

சுன்னாகம்_பொடியன்:

மக்புக் வேண்டாம் எண்டு மாமாவிட்டச் சொல்லிப்போட்டன். அப்ப அங்கேயே ஒரு விண்டோஸ் மெஷின் வாங்கி வாறன் எண்டுறார். அங்க கழிவு விலையாம். இங்க வாங்கிறதை விட நல்லமோ?

---

வரைபட_அக்கா:

கனடாக் கடைகளில் கூட இருக்கிறது ஆங்கிலம் - பிரெஞ்சு இரண்டும் கலந்த கீபோர்ட். என்டர் பொத்தான் உயரமா, இடப்பக்க ஷிஃப்ட் கட்டையா, சாய்கோடு வேற இடத்தில இருக்கும். கோட் எழுதிற பிள்ளைக்கு அது தலையிடி. அமெரிக்க அமைப்புத்தானோ எண்டு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. சார்ஜரில் 'இன்புட் 100-240' எண்டு இருந்தால் எங்கட 230 வோல்ட்டுக்குச் சரி, சுவருக்குப் போற வயரை மட்டும் இங்க மாத்தலாம்.

உண்மையான விசயம் வொரண்டி. அங்க வாங்கினது அநேகமா அங்கதான் செல்லும். இங்க வாங்கினாலும் பில்லில் 'கம்பனி வொரண்டி'யோ 'கடை வொரண்டி'யோ எண்டு எழுதுவிச்சு எடுங்கோ. கம்பனி எண்டால் மெஷின் கொழும்புக்குப் போய் வரும், நாள் எடுக்கும், ஆனால் கடை பூட்டினாலும் வொரண்டி நிக்கும். பெட்டியில இருக்கிற சீரியல் நம்பரும் மெஷின் அடியில இருக்கிறதும் ஒண்டோ எண்டு பார்த்து, அந்தக் கம்பனியின்ர இணையத்தளத்தில் போட்டால் எந்த நாட்டு வொரண்டி, எப்ப முடியுது எண்டு அநேகமாத் தெரியும். கடையிலேயே போனில் பார்க்கலாம்.

---

கோப்பாய்_கோடர்:

எதை வாங்கினாலும், விடுதிக்குக் கொண்டு போக முன் வீட்டு வைஃபையில் செய்ய வேண்டியவை.

விண்டோஸ் அப்டேட் எல்லாம் முடியுங்கள். பிறகு விடுதியில் போன் டேட்டாவில் இணைக்கும்போது அந்த இணைப்பை 'மீற்றர்ட்' (டேட்டாவை அளந்து பாவிக்கும் இணைப்பு) என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே அப்டேட்டில் பக்கேஜ் கரைந்துவிடும்.

விண்டோஸோடு வரும் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ், கேட்டும் கேளாமலும் டெஸ்க்டொப்பை மேலே ஏற்றத் தொடங்கும். இலவச இடம் 5 ஜிபிதான், நிரம்பியதும் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும். 'பக்கப்' பகுதிக்குள் போய் எந்தக் கோப்புறைகள் போக வேணும் என்று நீங்களே தெரிவுசெய்யுங்கள்.

மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்நுழைந்தால் புது விண்டோஸ் 11 டிஸ்க்கைத் தானாகவே பூட்டிவிடும். அது நல்லதுதான். ஆனால் பயோஸ் அப்டேட்டோ போர்ட் மாற்றமோ நடந்தால் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அது இல்லாமல் திருத்துற கடைக்காரர் மட்டுமல்ல, ஒருத்தராலும் கோப்புகளை எடுக்கேலாது. சாவி அந்தக் கணக்கிலேயே சேமிபட்டிருக்கும், எழுதி வீட்டிலும் ஒரு பிரதி வையுங்கள். கடைக்காரர் தன்னுடைய மின்னஞ்சலைப் போட்டு "செட்டப்" பண்ணித் தந்திருந்தால் சாவி அவருடைய கணக்கில்தான் கிடக்கும். முதல் கணக்கே தங்கச்சியுடையதாக இருக்கட்டும்.

ஃபோட்டோகொப்பிக் கடைக்குப் பென்டிரைவ் கொடுத்து வாங்கிய பிறகு கோப்புறை எல்லாம் 'ஷோர்ட்கட்' ஆக மாறியிருந்தால் ஒன்றையும் திறக்காதீர்கள். கோப்பு அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கிறது. ஃபோல்டர் ஒப்ஷன்ஸில் மறைந்தவற்றைக் காட்டச் சொல்லி, 'புரொடெக்டட் ஒப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்பதற்கு முன்னால் உள்ள சரி அடையாளத்தையும் எடுத்தால் தெரியும். அவற்றைப் பிரதி எடுத்துவிட்டுப் பென்டிரைவை ஃபோமட் பண்ணுங்கள். பிரிண்ட் எடுக்க பிடிஎஃப்பைப் போனிலிருந்து அனுப்பினால் இந்தத் தலையிடியே இல்லை.

---

ஸ்க்ரூவும்_பேஸ்ட்டும்:

ஒண்டு விட்டுப்போச்சு. மேசையில் நாள் முழுக்கச் சார்ஜரிலயே கிடக்கிற மெஷின் எண்டால் சார்ஜை 80 வீதத்தில் நிப்பாட்டுங்கோ. லெனோவாவில் வண்டேஜ் செயலிக்குள்ள, அசூஸில் மைஅசூஸுக்குள்ள அந்தத் தெரிவு இருக்கு. எங்கட வெக்கைக்கு 100இலயே நிண்டால்தான் பட்டரி கெதியில் ஊதும். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வாற பஸ்ஸுக்கு மட்டும் 100க்கு ஏத்திக்கொள்ளட்டும்.