புதுப்பிப்பு: ராஜகிரிப் படிகளிலிருந்து மஃபாத் மலைப்பாதைக்கு

கடற்கரைச் சாலையின் சமதளத்தில் மட்டுமே ஓடிப் பழகிய புதுச்சேரிக்காரன், இந்தியப் பெருங்கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனின் மஃபாத் மலைப்பாதைகளுக்கு எவ்வாறு ஆயத்தமாவது என்று சென்ற ஆண்டு இங்கே கேட்டிருந்தேன். செஞ்சிக்குச் செல்லுங்கள் என்றீர்கள். நான்கு மாதம் ஞாயிறுதோறும் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலைப் படிகளில் ஏறி இறங்கிய பிறகு, மஃபாத்தில் மூன்று நாள் ஓடித் திரும்பியிருக்கிறேன்.

ஏற்றத்தைவிட இறக்கமே கடினம் என்று நீங்கள் எச்சரித்தது முற்றிலும் உண்மை. இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்குவதால் அதன் இழைகளில் நுண்ணிய சிதைவு ஏற்படுகிறது. ஒருமுறை பழகிய தசை அடுத்த முறை குறைவாகவே பாதிக்கப்படும் என்பதால், செஞ்சியில் நான் ஏறியதைவிட இறங்கியதே பெரிதும் பயனளித்தது.

எங்கள் ஊரிலிருந்து கப்பலேறியவர்களின் வழித்தோன்றல்களும் வாழும் அத்தீவில், மஃபாத்துக்கு மட்டும் சாலையே கிடையாது. நடந்தோ ஹெலிகாப்டரிலோதான் செல்ல இயலும். 2010இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அந்தச் செங்குத்து மலைச்சுவர்களுக்கு நடுவே, மழை பெய்தால் ஆற்றில் நீர் மளமளவென்று பெருகிவிடும். இரண்டாம் நாள் மேலே மேகம் திரண்டதைக் கண்டு, ஆற்றைக் கடக்காமல் லா நூவெல் என்னும் சிற்றூரிலேயே தங்கிவிட்டோம். அது சரியான முடிவு என்றே இன்றும் கருதுகிறேன்.