விமானம் ரத்து: "வானிலை" என்று கைவிரிக்கிறார்கள், என்ன ஆதாரம் திரட்டுவது?

கேள்வி

வணக்கம். நானும் அம்மாவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருக்கும் ஒரு விமான நிலையத்திலிருந்து கிளம்ப வேண்டியிருந்தது. காலை 10:40 விமானம். விடிகாலை 4:12-க்கு "இயக்கக் காரணங்களால் ரத்து" என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. மறுநாள் வேறு விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். போய்ச் சேர 26 மணி நேரம் தாமதம். அம்மாவுக்குக் கால் வீங்கிவிட்டது.

தூரம் 3,500 கிலோமீட்டருக்கு மேல் என்பதால் விமானப் பயணிகளுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் இழப்பீட்டு விதியான 261/2004-இன் படி ஆளுக்கு 600 யூரோ கேட்டு விமான நிறுவனத்துக்கு எழுதினேன். "மோசமான வானிலை, எங்கள் கையில் இல்லை" என்று மூன்றே வரியில் பதில். கூடவே ஒரு பயணக் கூப்பன், "ஏற்கிறேன்" என்ற பொத்தானோடு.

இப்போது செயலியைத் திறந்தால் பழைய விமானமே காணோம், மாற்று விமானத்தின் எண் மட்டும் இருக்கிறது. அம்மாவின் போர்டிங் பாஸும் தொலைந்துவிட்டது. இது நடந்து 5 நாள் ஆகிறது. இனி எதைத் திரட்ட முடியும்?

பதில் 1

முதலில், அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள். இழப்பீடு பணமாகத்தான் வர வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டால்தான் கூப்பன் செல்லும், அந்த ஒப்புதலை நீங்களே கொடுத்துவிடக் கூடாது.

போர்டிங் பாஸ் பற்றிக் கவலை வேண்டாம். ரத்தான விமானத்துக்குச் செக்-இன் செய்திருக்க வேண்டும் என்றே விதி கேட்பதில்லை. இரண்டு பேர் பெயரும் உள்ள முன்பதிவு மின்னஞ்சல் போதும். செயலியில் அழிந்தாலும் அஞ்சல்பெட்டியில் பழைய விமான எண்ணோடு அது இருக்கும், தேடுங்கள்.

அப்புறம், பலர் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் ஒரு விஷயம். இழப்பீட்டிலிருந்து விலக்குத் தரும் "அசாதாரணச் சூழ்நிலை", அதாவது தங்கள் கையை மீறிய காரணம், இருந்தது என்று நிரூபிக்க வேண்டியது நிறுவனம். 14 நாட்களுக்கு முன்பே தகவல் சொன்னோம், அதனால் இழப்பீடு இல்லை என்றால் அதைக் காட்ட வேண்டியதும் அவர்கள்தான். உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆதாரம் அந்த 4:12 செய்தி. அன்று "இயக்கக் காரணம்", இன்று "வானிலை". இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதில் எது உண்மை என்று கேளுங்கள். செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது அனுப்பியவர் பெயர், தேதி, நேரம் மூன்றும் ஒரே படத்தில் தெரியட்டும். அசல் செய்தி ஃபோனில்தான் இருக்கிறது, விஷயம் முடியும்வரை அதை விற்கவோ மாற்றவோ செய்யாதீர்கள்.

பதில் 2

வானிலை என்று சொன்னால் அதைச் சோதிக்க வழி இருக்கிறது. விமான நிலையங்கள் அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒருமுறை மெட்டார் என்ற வானிலைக் குறிப்பை வெளியிடும். பழைய குறிப்புகளைச் சேர்த்து வைக்கும் தளங்கள் உண்டு. குறியீட்டு மொழியில் ஒரே வரிதான் இருக்கும், பயப்பட வேண்டாம். அதில் 9999 என்று இருந்தால் பார்வைத் தூரம் 10 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேல் என்று பொருள். மூடுபனிக்கும் இடியுடன் கூடிய மழைக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. ஒன்று கவனியுங்கள்: நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும், உள்ளூர் நேரத்துக்கு மாற்றித்தான் படிக்க வேண்டும். இந்த இடத்தில் தவறிப்போய் நல்ல வாதத்தைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கிளம்பும் இடம் மட்டும் பார்த்தால் போதாது. சேரும் இடத்தையும் பாருங்கள். உங்களை ஏற்ற வேண்டிய விமானம் அதற்கு முன் எங்கிருந்து வரவேண்டியிருந்தது என்பதையும் பாருங்கள். அதே ஒரு மணி நேரத்தில் மற்ற விமானங்கள் கிளம்பினவா என்பதை விமானத் தடம் காட்டும் தளங்களில் இன்றே பார்த்துப் படம் எடுத்துவிடுங்கள். இலவசக் கணக்கில் பழைய விவரம் சில நாட்களில் மறைந்துவிடும். உங்களுக்கு இப்போது அவசரம் இது ஒன்றுதான்.

கேட்டவர்

ரொம்ப நன்றி. இப்போதுதான் பார்த்து முடித்தேன். காலை 9 முதல் 12 வரை எல்லாக் குறிப்பிலும் 9999. எங்களுக்கு அடுத்த வாசலிலிருந்து 10:55-க்கு ஒரு விமானம் போயிருக்கிறது, படம் எடுத்துவிட்டேன். சேரும் இடத்திலும் வானம் தெளிவுதான். முன்பதிவு மின்னஞ்சலும் கிடைத்துவிட்டது. நாளை அவர்கள் "தொழில்நுட்பக் கோளாறு" என்று மாற்றிச் சொன்னால் என்ன செய்வது? பயண முகவர் வழியாக எடுத்த டிக்கெட், அதனால் ஏதாவது குறையா?

பதில் 1

கோளாறு என்ற ஒரு சொல்லை வைத்துத் தப்பிக்க முடியாது. பராமரிப்பின்போது வெளிப்படும் அல்லது பராமரிக்கத் தவறியதால் வரும் வழக்கமான கோளாறு அசாதாரணச் சூழ்நிலை ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008-லேயே வாலெண்டின்-ஹெர்மன் வழக்கில் சொல்லிவிட்டது. முகவர் விஷயமும் அப்படித்தான். முகவருக்குச் சொன்னோம், அவர் உங்களிடம் சொல்லவில்லை என்பது நிறுவனத்துக்குச் சாக்கு ஆகாது, இது 2017-இல் வந்த தீர்ப்பு.

பதில் 3

காத்திருந்த நேரத்தில் சாப்பாடு, தங்குமிடம் உங்கள் காசிலா? அந்த ரசீதுகளைத் தனியாகக் கேளுங்கள், அது 600 யூரோவில் சேராது. வானிலையே உண்மையாக இருந்தாலும் அந்தச் செலவு அவர்களுடையது. வெப்பத்தாளில் அச்சான ரசீது மங்கிப்போகும், இன்றே படம் எடுங்கள்.

கேட்டவர்

ஓட்டல் ரசீது இருக்கிறது, எழுத்து ஏற்கெனவே பாதி வெளுத்துவிட்டது. விளக்கருகே சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்தேன், தொகை தெரிகிறது. அம்மா பெயரில் ஒன்று, என் பெயரில் ஒன்று என இரண்டு கடிதம் எழுதி, காரணத்துக்கான ஆவணத்தைக் கேட்டு இன்று இரவே அனுப்புகிறேன். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.