பேங்க் கைக்குப் போன வீடு: பேசிய விலை 240,000 டாலர், அப்ரைசல் 222,000. என்ன செய்வது?

கேள்வி

வணக்கம். ஒஹாயோவில் இருக்கிறோம். கடன் கட்டாமல் பேங்க் எடுத்துக்கொண்ட வீடு ஒன்றை 240,000 டாலருக்குப் பேசி ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். 10 சதவீதம் முன்பணம், மீதி கன்வென்ஷனல் கடன் (அரசு உத்தரவாதம் இல்லாத சாதாரண வீட்டுக்கடன்). நேற்று அப்ரைசல் (கடன் தருபவருக்காக மதிப்பீட்டாளர் போடும் வீட்டு மதிப்பு) 222,000 என்று வந்துவிட்டது. விற்கும் பேங்க் விலையைக் குறைக்க மாட்டேன் என்கிறது. இன்னும் 18,000 டாலரை எங்கே போய்ப் புரட்டுவது? வீட்டின் நிலையைச் சோதிக்கும் இன்ஸ்பெக்ஷனும் பாக்கி. தண்ணீர் இணைப்பு நிறுத்தப்பட்டிருக்கிறது, டாய்லெட்டில் ரோஸ் நிறத்தில் ஏதோ ஊற்றி வைத்திருக்கிறார்கள். எங்கள் முதல் வீடு இது. விடவும் மனசில்லை, மாட்டிக்கொள்ளவும் பயமாக இருக்கிறது.

பதில் 1

பதறாதீங்க தம்பி, முதலில் கணக்கைப் பார்ப்போம். பேசிய விலை, அப்ரைசல் இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான் கடன் தருவார்கள். 222,000-ல் 90 சதவீதம் 199,800. அப்படியானால் நீங்கள் போட வேண்டியது 40,200. முதலில் நினைத்த 24,000-ஐ விட 16,200 அதிகம். அதையே 95 சதவீதக் கடனாக மாற்ற முடிந்தால் 210,900 கிடைக்கும், கையிலிருந்து 29,100 போதும். கூடுதல் 5,100 மட்டும்தான். அடமானக் காப்பீடும் (நீங்கள் கட்டாமல் போனால் கடன் கொடுப்பவரைக் காப்பது, பணம் கட்டுவது நீங்கள்) மாதத் தவணையும் ஏறும். இரண்டு கணக்கையும் லோன் ஆபீசரிடம் எழுத்தில் வாங்குங்கள். க்ளோசிங் செலவு, அதாவது வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றி முடிக்கும்போது வரும் கட்டணங்கள், இதற்கு வெளியே.

அப்ரைசல் அறிக்கையையும் வரி விடாமல் படியுங்கள். சதுர அடி, பெட்ரூம் எண்ணிக்கை சரியா? ஒப்பிட்ட வீடுகள் உங்கள் வீட்டோடு பொருந்துகின்றனவா? அருகில் சமீபத்தில் விற்று முடிந்த, இன்னும் பொருத்தமான வீடுகள் இருந்தால், அவற்றைக் காட்டி மறுபரிசீலனை கேட்கலாம். கடன் கொடுப்பவர் வழியாகத்தான் கேட்க வேண்டும், அப்ரைசரை நேரே கூப்பிடக் கூடாது. "இன்னும் கொஞ்சம் ஏற்றிப் போடுங்கள்" என்று மட்டும் கேட்டால் ஒன்றும் நடக்காது, தவறைச் சுட்டிக் காட்ட வேண்டும்.

பதில் 2

அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனால் கடன் கிடைத்தாலும் 222,000 மதிப்புள்ள வீட்டுக்கு 240,000 கொடுக்கிறீர்கள் என்பது மாறாது. அதோடு இந்த மாதிரி வீட்டுக்குக் கையில் பணம் இருந்தே ஆக வேண்டும்.

அந்த ரோஸ் நிறம் ஆன்டிஃப்ரீஸ். குளிரில் குழாய் வெடிக்காமலிருக்கத் தண்ணீரை வடித்துவிட்டு ஊற்றுவார்கள். வடிப்பதற்கு முன்பே எங்காவது உறைந்து விரிசல் விட்டிருந்தால், தண்ணீர் திறக்கும்வரை தெரியாது. நாங்கள் அப்படித்தான் சோதிக்காமல் வாங்கினோம். குடிபோகும் முன் தண்ணீரைத் திறந்தோம், அரை மணி நேரத்தில் கிச்சன் சீலிங் ஊறித் தொங்கியது. என் மனைவி அன்று அழுதது இன்றும் கண்ணில் நிற்கிறது. உங்களுக்கு அது வேண்டாம். பேங்கிடம் அனுமதி வாங்கி, ப்ளம்பரை வைத்துக் குழாயில் அழுத்தச் சோதனை செய்யுங்கள், கழிவுநீர்க் குழாய்க்குள் கேமராவும் விடச் சொல்லுங்கள். செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான். பரவாயில்லை, செய்யுங்கள்.

பதில் 3

தேதியைப் பார்த்தீர்களா? அப்ரைசல் குறைந்தால் விலகலாம் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தால், அதன் கெடு முடிவதற்குள் எழுத்தில் சொன்னால்தான் அட்வான்ஸ் திரும்பி வரும். பேங்க் விற்கும் வீடுகளில் தனியாக ஒரு இணைப்பு ஒப்பந்தம் கொடுப்பார்கள், முரண்பாடு வந்தால் பெரும்பாலும் அதுதான் செல்லும். க்ளோசிங் உங்களால் தாமதமானால் நாளுக்கு இவ்வளவு என்று அபராதமும் அதில் ஒளிந்திருக்கும்.

டைட்டில் இன்ஷூரன்ஸ் (வீட்டின் உரிமையில் பழைய சிக்கல் கிளம்பினால் காப்பது) கடன் கொடுப்பவருக்கானது மட்டும் என்றால் உங்களைக் காக்காது; உரிமையாளருக்கானதையும் சேர்த்து வாங்குங்கள். சொத்து வரி, தண்ணீர்க் கட்டணம், குடியிருப்போர் சங்கத் தொகை பாக்கி உண்டா என்று டைட்டில் கம்பெனியிடம் கேளுங்கள். ரிப்பேர் முடியும்வரை வீடு காலியாக இருக்குமானால் இன்ஷூரன்ஸ்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காலி வீட்டுக்குச் சாதாரண பாலிசி பல சேதங்களை ஏற்காது.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. அப்ரைசல் கெடுவுக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. சோதனைக்குப் பேங்க் சம்மதித்தது. இன்று காலை மாடி பாத்ரூம் லைனில் அழுத்தம் நிற்கவில்லை, அதாவது எங்கோ கசிகிறது. ப்ளம்பரின் எஸ்டிமேட் நாளை வரும். அதையும் அப்ரைசலையும் சேர்த்து, 222,000-க்குச் சம்மதமா என்று கடைசியாக ஒருமுறை பேங்கிடம் கேட்கிறோம். இல்லை என்றால், கெடுவுக்கு முந்தின நாளே விலகல் கடிதம் கொடுத்துவிடுவது என்று வீட்டில் முடிவு செய்துவிட்டோம்.