ஏற்காடு பழைய கம்ப்யூட்டர் கூடுகை: போனவர்கள் சொல்லுங்கள், செலவுக்குத் தகுமா?

சூரமங்கலம் உறுப்பினர்:

ஏற்காட்டில் பழைய கம்ப்யூட்டர் ஆர்வலர்கள் கூடும்போது போகலாமா, வீண் செலவா என்று பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் போய் வந்ததை எழுதுகிறேன். மற்றவர்களும் அவரவர் அனுபவத்தைச் சேருங்கள்.

முதலில் பணம். ஆள் மட்டும் போவதென்றால் பெரிய செலவு கிடையாது. சேலத்தில் பஸ் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் ஏரிக்கரையில் இறங்கிவிடலாம். மெஷினோடு போனால்தான் கணக்கு மாறுகிறது. பிக்சர் டியூப் மானிட்டரைப் பஸ்ஸில் கொண்டுபோக முடியாது, வளைவுகளில் அது சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் தலையணை வேண்டும். வாடகை வண்டி, ஹால் வாடகையில் என் பங்கு, சாப்பாடு எல்லாம் சேர்ந்து 5,000 ரூபாயை நெருங்கியது. அன்றைக்குக் கடையை மூடியது தனி நஷ்டம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அப்படியும் மெஷினைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்பேன். அதுவும் நன்றாக ஓடுகிற மெஷினை இல்லை, ஓடாததை.

என்னிடம் இருந்தது ஒரு பிபிசி மைக்ரோ. 1981-இல் இங்கிலாந்தின் ஏகார்ன் கம்பெனி வெளியிட்டது. 6502 பிராசஸர், 32 கேபி மெமரி. 1984-இல் மத்திய அரசு ‘கிளாஸ்’ திட்டத்தில் பள்ளிக்கூடங்களுக்குக் கம்ப்யூட்டர் கொடுக்கத் தொடங்கியபோது கொடுத்தது இதைத்தான். அந்தக் காலத்தில் படித்த எத்தனையோ பேர் முதன்முதலில் தொட்டுப் பார்த்த கம்ப்யூட்டர் இது. பழைய சாமான் கடையிலிருந்து வாங்கி வந்து, கரண்ட் கொடுக்காமலே வைத்திருந்தேன்.

மேலே போய் மேஜையில் வைத்ததும் டெலிபோன் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வந்தார். “தம்பி, பிளக்கைச் செருகிடாதீங்க. முதல்ல பவர் சப்ளையைக் கழட்டுவோம்” என்றார். உள்ளே தேன் நிறத்தில், கண்ணாடி மாதிரி மேலுறை போட்ட கெப்பாசிட்டர்கள் இருந்தன. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினார். உறை முழுக்க மயிரிழை வெடிப்பு. அவை உள்ளே காகிதம் சுற்றிய கெப்பாசிட்டர்கள். வருஷக்கணக்கில் வெடிப்பு வழியாக ஈரம் இறங்கி, காகிதம் அதைக் குடித்து வைத்திருக்கும். 230 வோல்ட் பாய்ந்ததும் சூடேறிப் புகையைக் கக்கும். வரும் கரண்டில் உள்ள இரைச்சலை வடிகட்டுவதுதான் அவற்றின் வேலை என்பதால் பெரும்பாலும் மெஷினுக்குச் சேதம் வராது, ஆனால் அந்த நாற்றம் அறையை விட்டுப் போகவே நாளாகும். பிஸ்கட் டப்பாவிலிருந்து மெயின் கரண்டைத் தாங்கும் எக்ஸ்2 வகை பிலிம் கெப்பாசிட்டர்களை எடுத்து அவரே சால்டர் வைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

அப்புறம் ஸ்விட்சைப் போட்டோம். இரண்டு சுருதியில் அந்த ‘பூ-பீப்’ சத்தம் வந்தது. திரையில் ‘பிபிசி கம்ப்யூட்டர் 32கே’ என்று எழுத்து விழுந்தபோது பக்கத்து மேஜைக்காரர்கள் கூட ஓடி வந்துவிட்டார்கள்.

இதெல்லாம் வீடியோவிலேயே இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அது வேறு யாருடைய போர்டோ. என் போர்டில் எது நாளைக்குப் போகும், எதைத் தொடக்கூடாது என்று கை வைத்துக் காட்ட ஓர் ஆள் வேண்டும். அந்த அறிவு இன்னும் மனிதர்களிடம்தான் இருக்கிறது. அவர்களில் நிறையப் பேருக்கு வயதாகிவிட்டது. 5,000 ரூபாயை நான் இந்தக் கணக்கில்தான் பார்க்கிறேன்.

இளம்பிள்ளை உறுப்பினர்:

நான் கம்ப்யூட்டர் ஆர்வலன் இல்லைங்க, தறிக்காரன். எங்க எலெக்ட்ரானிக் ஜக்கார்டு (தறியில் டிசைன்படி நூலைத் தூக்கும் கருவி) சேலை டிசைனை மூன்றரை இஞ்ச் பிளாப்பியிலிருந்துதான் படிக்கும். சோனி கம்பெனியே பிளாப்பி விற்பதை 2011-இல் நிறுத்திவிட்டது. பழைய பிளாப்பிகள் ஒவ்வொன்றாக மக்கர் செய்ய ஆரம்பித்ததும், ஏற்காட்டுக்குப் போய்ப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னார். டிரைவையும் பிளாப்பி டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனேன்.

அங்கே ஒரு காலேஜ் பையன் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தான். சில தட்டுகளில் பூஞ்சை வெள்ளையாகப் படிந்திருந்தது. அதை அப்படியே டிரைவில் போட்டால் பூஞ்சை தட்டையும் கீறி, அதைப் படிக்கும் ஹெட்டிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த பிளாப்பியையும் கெடுக்குமாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து மெதுவாகத் துடைத்தான். சாதாரணமாகப் படிக்க வராததை கிரீஸ்வீசல் என்ற சின்ன போர்டில் மாட்டினான். அது பைலைத் தேடுவதில்லை, தட்டில் காந்தம் மாறுகிற ஒவ்வொரு இடத்தையும் அப்படியே பதிந்துகொள்கிறது. அதிலிருந்து பிறகு நிதானமாகத் தகவலைப் பிரிக்கலாம். முக்கால்வாசி டிசைன் கிடைத்தது. போனது போனதுதான். டிரைவ் இருந்த இடத்தில் பென் டிரைவையே பிளாப்பி போலக் காட்டும் எமுலேட்டர் ஒன்றைப் பொருத்தச் சொன்னான். இப்போது தறி அதில்தான் ஓடுகிறது.

பதிலுக்கு நானும் ஒன்று கொடுத்தேன். எங்கப்பா காலத்து ஜக்கார்டு அட்டைக் கோர்வை ஒன்று என் வண்டியில் கிடந்தது, எடுத்து விரித்துக் காட்டினேன். அட்டையில் ஓட்டை இருந்தால் ஊசி உள்ளே போகும், கொக்கி மேலே ஏறும், பாவு நூலைத் தூக்கும். ஓட்டை இல்லாவிட்டால் ஊசி பின்னுக்குத் தள்ளப்படும், நூல் கீழேயே கிடக்கும். ஊடை ஒருமுறை ஓட ஓர் அட்டை. இதைச் சொல்லி முடிப்பதற்குள் என்னைச் சுற்றிக் கூட்டம். 1890-இல் அமெரிக்காவில் ஹோலரித் என்பவர் ஜனத்தொகைக் கணக்கையே ஓட்டை போட்ட அட்டையில் எண்ணினார் என்று அவர்கள் எனக்குச் சொன்னார்கள். அப்பா ராத்திரியெல்லாம் அட்டை கோர்த்தது அன்றைக்குத்தான் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது.

தறி ஒரு நாள் நின்றது. அதைச் செலவு என்று நான் நினைக்கவில்லைங்க.

ஓமலூர் உறுப்பினர்:

மற்றவர்கள் சொல்வது சரி. ஆனால் வாங்குவதற்காகப் போகிறவர்கள் யோசியுங்கள். வெளிநாட்டு ஏல விலையைப் பார்த்துவிட்டு இங்கேயும் அதையே கேட்பவர்கள் வருகிறார்கள். 386 பிராசஸர் போட்ட ஒரு பழைய மதர்போர்டுக்குச் சொன்ன விலை அநியாயம். அதிலும் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. இதை எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்: அந்தக் காலத்து போர்டுகளில் நீல நிறப் பீப்பாய் மாதிரி நிக்கல் காட்மியம் பேட்டரி இருந்தால், வீட்டுக்குப் போனதும் வெட்டி எடுத்துவிடுங்கள். கசிவது காரம். வினிகர் தொட்டுத் துடைத்து, டிஸ்டில்டு வாட்டரில் கழுவிக் காய வைக்க வேண்டும். தாமிரத் தடம் அரித்துப் போயிருந்தால் கம்பி வைத்துத்தான் இணைக்க முடியும்.

அஸ்தம்பட்டி உறுப்பினர்:

தொண்ணூறுகளில் ஓர் அலுவலகத்தில் டேட்டா என்ட்ரி வேலை பார்த்தேன். மகன் கூப்பிட்டான் என்று போனேன், எனக்கு அங்கே என்ன இருக்கப்போகிறது என்ற நினைப்புதான். ஒரு மேஜையில் அந்தக் காலத்து டைப்பிங் சாஃப்ட்வேரான வேர்ட்ஸ்டார் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு அதிலிருந்து வெளியே வரத் தெரியவில்லை. என் கை தானாகவே கன்ட்ரோல் கே, டி அடித்தது. பைல் சேவ் ஆகி மெனு வந்தது. “ஆன்ட்டி, இன்னொரு தடவை” என்று பிடித்துக்கொண்டார்கள். மவுஸே தொடாமல், கன்ட்ரோலோடு ஈ, எஸ், டி, எக்ஸ் நான்கு எழுத்தில் கர்சரை நகர்த்திக் காட்டினேன். சாயங்காலம் வரை என்னை எழுந்திருக்க விடவில்லை.

டிபேஸ் (அந்தக் காலத்தில் தகவல் பட்டியல் போடும் சாஃப்ட்வேர்) பைல் பழைய பிளாப்பியில் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். பிளாப்பி படித்துவிட்டால் போதும், அதன் டிபிஎஃப் பைல் இன்றைக்கும் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச சாஃப்ட்வேரில் திறக்கிறது. தமிழில் அடித்தவைதான் சிக்கல். யூனிகோடு என்ற பொதுக் குறியீடு வருவதற்கு முன்னால் ஒவ்வொரு எழுத்துருவும் ஒவ்வொரு குறியீடு. எந்த எழுத்துருவில் அடித்தீர்கள் என்று நினைவிருந்தால் பிளாப்பி மேலேயே எழுதி எடுத்துப் போங்கள். அதை அடித்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

ஒரு குறையும் உண்டு. மேஜைக்கு மேஜை ஆண்கள்தான். அந்தக் காலத்தில் இந்த மெஷின்களில் நாள் முழுக்க உட்கார்ந்து தட்டியவர்களில் எங்களைப் போன்ற பெண்கள் எத்தனையோ பேர். உங்கள் வீட்டில் அத்தையோ பெரியம்மாவோ அப்படி வேலை பார்த்திருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள்.

ஏற்காடு உறுப்பினர்:

உள்ளூர்க்காரனாக இரண்டு வார்த்தை. இங்கே 1,500 மீட்டர் உயரம், காலையில் மூடுபனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வரும். ராத்திரி வண்டியில் குளிர்ந்து கிடந்த மெஷினை ஆட்கள் நிறைந்த சூடான ஹாலுக்குள் கொண்டுவந்தால் போர்டில் நீர் பூக்கும். உடனே போடாதீர்கள், மூடியைத் திறந்து இரண்டு மணி நேரமாவது விட்டு வையுங்கள். வோல்டேஜ் ஏறி இறங்கும், ஸ்டெபிலைசர் கொண்டு வாருங்கள். மழைக்காலத்தில் பாறை சரிந்து அடிவாரச் சாலையை மூடினால் குப்பனூர் வழியாக வரலாம். கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். மானிட்டர் இறக்க ஆள் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், நானும் தம்பியும் வந்து நிற்கிறோம்.