நடுவில் மைனஸ்: பழைய ஸ்பெக்ட்ரமுக்குப் புது அடாப்டர்

(பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் மூன்று பேரின் பேச்சு. பெயருக்குப் பதில் அவரவர் ஊர்: திருநெல்வேலி டவுன், பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம்.)

டவுன்:
எண்பதுகளில் மாமா வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 48கே என்ற வீட்டுக் கம்ப்யூட்டர் பரணில் கிடந்தது. போன மே மாதம் இறக்கித் துடைத்து, கூடவே இருந்த கறுப்பு அடாப்டரில் மாட்டினால் உயிர் இருக்கிறது! ஆனால் கேசட்டிலிருந்து ஒரு கேம் ஏற ஐந்து நிமிடம் ஆகும். நாலாவது நிமிடம் பக்கத்து வீட்டில் மோட்டார் போடுவார்கள். திரை அழிந்து ‘1982 சின்க்ளேர் ரிசர்ச்’ என்ற வரி மறுபடி வந்து நிற்கும்.

மெஷினில் கோளாறு இல்லை. எங்கள் தெருவில் கோடைச் சாயங்காலம் 180 வோல்ட்தான்; மோட்டார் போட்டால் இன்னும் இறங்கும். டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டரில் உள்ளே வருவது குறைந்தால் வெளியே போவதும் குறையும். கம்ப்யூட்டருக்குள் வோல்டேஜைச் சீராக்குகிற 7805 ரெகுலேட்டர் ஒழுங்காக 5 வோல்ட் கொடுக்க அதற்கு 7 வோல்ட்டாவது வந்தாக வேண்டும். மொபைல் சார்ஜர் மாதிரியான இப்போதைய எஸ்எம்பிஎஸ் அடாப்டருக்கு அந்தக் கவலை இல்லை. 100 வோல்ட் வந்தாலும் 240 வந்தாலும் அதே 9-ஐக் கொடுக்கும்.

ரௌட்டரோடு வந்த 9 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் வீட்டில் சும்மா கிடந்தது. அதன் பிளக்கும் ஸ்பெக்ட்ரமில் கச்சிதமாகப் பொருந்தும். அதுதான் வினை. நல்லவேளை, சொருகுவதற்கு முன் ஜங்ஷன் பக்கம் டிவி ரிப்பேர் பார்க்கும் அண்ணாச்சியிடம் இரண்டையும் கொண்டுபோனேன்.

“மீட்டரு வச்சுப் பாத்தீரா வே?”

சிவப்பு முள்ளைப் புது அடாப்டரின் நடு ஓட்டையில் வைத்தார்: 9. பழையதில் வைத்தார்: மைனஸ் 13. மெஷினில் மாட்டாமல், லோடு இல்லாததால் 13; அது பரவாயில்லை. மைனஸ்தான் விஷயம். ஸ்பெக்ட்ரமுக்கு நடுவில் நெகட்டிவ், ரௌட்டர்காரனுக்கு நடுவில் பாசிட்டிவ். அப்படியே சொருகியிருந்தால் உள்ளே இருக்கிற டிஆர்4 என்ற டிரான்சிஸ்டரோடு ரேமும் போயிருக்கும். அண்ணாச்சி வயரை வெட்டி, மாற்றிப் பற்றவைத்து, ஸ்லீவ் போட்டுக் கொடுத்தார். யாரும் அதை மறுபடி ரௌட்டரில் மாட்டிவிடக் கூடாதே என்று மகளின் நகச்சாயத்தைப் பிளக்கில் பூசி வைத்திருக்கிறேன்.

பாளை:
நான் வயரை வெட்டவே இல்லை. எங்கள் கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிற தம்பியின் பெடல் அடாப்டர் 9 வோல்ட், நடுவில் நெகட்டிவ். அதே வகையில் ஒன்று வாங்கினேன். ஆம்பியரைப் பார்த்து வாங்குங்கள். பெடலுக்கு 200 மில்லி ஆம்பியர் போதும். ஸ்பெக்ட்ரமின் பழைய அடாப்டரில் 1.4 ஆம்பியர் என்று போட்டிருக்கும்.

அம்பை:
என்னுடையது கமடோர் 64, அதே காலத்துக் கம்ப்யூட்டர். அடாப்டர் பழசானால் வோல்டேஜ் குறையும் என்றுதான் நினைத்திருந்தேன். இதில் 5 வோல்ட் ஏறிவிட்டது. ரேம் இரண்டு போன பிறகுதான் மீட்டரையே எடுத்தேன். அதற்கு 9 வோல்ட் ஏசியும் (மாறுமின்சாரம்) தனியாக வேண்டும், இல்லாவிட்டால் சத்தம் வராது. இப்போது 5 வோல்ட்டுக்கு எஸ்எம்பிஎஸ், ஏசிக்குச் சின்ன டிரான்ஸ்ஃபார்மர், இரண்டும் ஒரே பெட்டியில்.

டவுன்:
அம்பை அண்ணாச்சி, கமடோரில் மாட்டுகிற அந்த ஏழு முள் வட்டப் பிளக் (டிஐஎன்) எங்கே கிடைத்தது?

அம்பை:
எங்கேயும் கிடைக்கவில்லை. பழைய அடாப்டரிலிருந்தே வெட்டிக்கொண்டேன்.