விரிவளையக் காயம்: ‘திறந்த புத்தக முறிவு’ என்பதற்கு மாற்று

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

இடுப்பு வளையம் முன்புறம் பிளந்து, அதன் இரு பாதிகளும் வெளிப்பக்கமாக விரிந்துவிடும் கடுங்காயத்துக்குத் ‘திறந்த புத்தக முறிவு’ (open book fracture) என்ற சொல் நம் மருத்துவக் கலைச்சொல் பட்டியலுக்காக இங்கே முன்வைக்கப்பட்டுள்ளது. அது காட்டும் உருவம் தெளிவானதே. ஆயினும் அச்சொல்லை நாம் ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தோல் கிழிந்து, முறிந்த எலும்பு வெளிப்புறத்தோடு தொடர்புகொள்ளும் காயத்தையே மருத்துவத் தமிழ் ‘திறந்த முறிவு’ என்று ஏற்கெனவே வழங்குகிறது. வளையம் விரிந்த பலருக்குத் தோலில் கீறல்கூட இருப்பதில்லை. தோல், மலக்குடல், யோனி ஆகியவற்றில் ஒன்றன் வழியே திறந்துகொண்ட இடுப்பு முறிவோ சீழ்பிடிப்பும் உயிரிழப்பும் மிகுந்த வேறொரு நிலையாகும். இவ்விரண்டுக்கும் ஒரே அடைமொழியைச் சூட்டினால், குறிப்பேட்டைப் படித்து அவசரமாக முடிவெடுக்கும் இளம் மருத்துவர் தடுமாற நேரும்.

‘விரிவளையம்’ என்ற சொல்லை நான் முன்மொழிகிறேன். ‘இடுப்பு வளையம்’ பள்ளிப் பாடநூலிலேயே பழகிய தொடர். ‘விரி’ என்பது இங்கே வினைத்தொகையாக நிற்பதால், விரிந்த, விரிகின்ற, விரியும் என மூன்று காலத்தையும் தாங்குகிறது. மருத்துவ உண்மையும் அதுவே: விபத்தில் விரிந்த வளையம், நோயாளியைத் தேவையின்றிப் புரட்டும்போதும், உறுதியைச் சோதிப்பதாக எண்ணி இடுப்பை அழுத்திப் பார்க்கும்போதும் மேலும் விரியக்கூடும்.

வளையத்தின் முன்புறம், அடிவயிற்றுக்குக் கீழே, பூப்பெலும்புகள் இணைகின்றன. பின்புறம், முதுகெலும்பின் அடியிலுள்ள திருவெலும்பு இருபக்க இடுப்பெலும்புகளோடும் வலுவான நார்களால் பிணைக்கப்பட்டிருக்கிறது. முன்புற இணைவு 2.5 செ.மீ.க்கு மேல் விலகியிருந்தால், திருவெலும்பும் இடுப்பெலும்பும் சேரும் பின்மூட்டின் முன்பக்க நார்களும் அறுந்திருக்கும் என்று கொள்வது மரபு. குருதி பெரும்பாலும் திருவெலும்பின் முன்னுள்ள சிரைப் பின்னலிலிருந்தும் முறிந்த எலும்புப் பரப்பிலிருந்துமே வெளியேறுகிறது. தமனிக் கசிவு சிறுபான்மை. வளையம் விரிய விரிய உள்ளே இடம் பெருகுவதால், தேங்கிய குருதியே அழுத்தித் தன் கசிவைத் தடுத்துக்கொள்ளும் வாய்ப்புக் குறைகிறது. ஆகவே விரிந்ததை மூடுவதே முதற்சிகிச்சை. அதற்குப் பிறகும் இரத்த அழுத்தம் நிலைபெறாவிட்டால், வயிற்றறைக்கு வெளியே இடுப்பினுள் துணித்திணிப்பு வைப்பதா, கசியும் தமனியை உள்ளிருந்தே அடைப்பதா என்று முடிவெடுக்கிறார்கள்.

அந்த மூடலுக்கு உதவும், சுற்றி இறுக்கும் கருவியை (pelvic binder) ‘இடுப்புப் பட்டை’ என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. முதுகுவலிக்கு அணியும் பட்டை நினைவுக்கு வந்து, கை தானாகவே அதை உயரத்தில் கட்டிவிடும். இக்கருவியோ தொடையெலும்பின் மேற்பகுதியில், வெளிப்பக்கம் தொட்டால் தட்டுப்படும் எலும்பு மேடுகளின் மட்டத்தில் சுற்றப்பட வேண்டும். ‘வளையக்கட்டு’ என்றால் எதைக் கட்டுகிறோம் என்பது பெயரிலேயே தெரியும்.

இடுப்பு வளையக் காயங்களுக்கு மருத்துவர்கள் பயன்படுத்தும் யங், பர்ஜெஸ் ஆகியோரின் வகைப்பாடு விசை வந்த திசையைக் கொண்டே அமைந்தது. ஆதலால் பக்கவாட்டு அழுத்தத்தில் வளையம் உள்நோக்கி மடிவதை ‘ஒடுங்குவளையம்’ என்றும், உயரத்திலிருந்து விழுந்து ஒரு பாதி மேலேறிவிடுவதை ‘ஏறுவளையம்’ என்றும் இணைச் சொற்களாக வழங்கலாம். இவ்வேறுபாடு வெறும் பெயரளவிலானதன்று. ஒடுங்கியதை மேலும் இறுக்கினால் அது கூடுதலாக மடியக்கூடும். ஏறியதை வளையக்கட்டு மட்டும் தாங்காது, காலை இழுத்துப் பிடித்து, பின்னர்த் திருவெலும்பினுள் திருகாணி செலுத்தி நிலைநிறுத்த வேண்டியிருக்கும்.

நாளிதழ்களில் வரும் ‘இடுப்பு எலும்பு முறிவு’ பெரும்பாலும் முதியவர்களுக்கு நேரும் தொடையெலும்புக் கழுத்து முறிவையே குறிப்பதால், அத்தொடரை நம் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

இங்கே ‘முறிவு’ பொருந்துமா என்று நண்பர் ஒருவர் எழுப்பிய ஐயம் மிகச் சரியானது. எலும்பு எதுவும் முறியாமல், முன்புற இணைவும் பின்புற நார்களும் மட்டுமே அறுந்து வளையம் விரிவதுண்டு; அதிலும் குருதியிழப்பு உயிரைப் பறிக்கலாம். எனவே பொதுப்பெயராக ‘விரிவளையக் காயம்’ என்பதையும், எலும்பும் முறிந்திருந்தால் மட்டும் ‘விரிவளைய முறிவு’ என்பதையும் ஆளலாம் என்பது என் பரிந்துரை.